ஒன்பதாவது வரி

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் மத்திய ரயில் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு வழி சொல்வது இஸ்க்ராவின் வேலை. பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. ஊரைச் சுற்ற வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பதினாலு வரி யோசனைத் தாளை எழுதியவளும் அவள்தான். ஐந்து மொழியில் அச்சாகியிருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு எதற்கு என்று பல்கேரிய மொழியில் மட்டும் போடவில்லை.

அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. டாக்சியில் ஏறுமுன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கட்டணச் சீட்டைப் படித்துப் பாருங்கள். கோயிலுக்குள் தோளை மூடிக்கொள்ளுங்கள். பழைய குளியல் மண்டபத்தின் பக்கத்துக் குழாய்களில் வெந்நீர் ஊற்றுத் தண்ணீர் வருகிறது, பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவிலும் மரத்திலும் முகப்படத்தோடு ஒட்டியிருக்கும் தாள்கள் போலீஸ் தேடும் ஆட்களுடையவை அல்ல, காலமானவர்களுடையவை. இப்படிப் போகும். நாலாவது வரியான அந்தக் காலமானவர்கள் விஷயத்தை எழுதும்போது இஸ்க்ராவுக்கே சிரிப்பு வந்தது.

ஒன்பதாவது வரியை அவள் சிரிக்காமல் எழுதினாள். நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஊழியர் மாதிரி நடித்து, பயணிகளின் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடைமேடைக்கு ஓடி, அங்கே வைத்து நோட்டாகக் கேட்டு மிரட்டும் கூட்டம் ஒன்று நிலையத்தில் இருந்தது. ஒருநாள் போர்ச்சுகலிலிருந்து வந்த வயதான அம்மாள் ஒருத்தி அவர்களிடம் அகப்பட்டு, கூண்டின் முன்னால் நின்று குழந்தைபோல அழுதாள். இஸ்க்ரா அவளுக்குத் தண்ணீர் கொடுத்து ரயிலேற்றிவிட்டு வந்தாள். கோபம் அடங்கும் முன்பே எழுதினாள்:

‘நிலையத்தில் நீங்கள் கேட்காமலே உதவ வருகிறவர் எவரும் ஊழியர் அல்லர். பேச்சுக் கொடுக்காதீர்கள். பையைத் தராதீர்கள். கையில் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிற்காமல் நடந்துவிடுங்கள்.’

எழுதியது தப்பில்லை. ஆனால் கோபத்தில் எழுதிய வரியை ஒரு ராத்திரி ஆறப்போட்டு மறுபடி படித்திருக்கலாம். அவள் படிக்கவில்லை. அலுவலகத்தில் பாராட்டினார்கள். புகார் பாதியாகக் குறைந்தது என்று தாளைப் பெரிதாக அச்சடித்துத் தூணுக்குத் தூண் ஒட்டினார்கள். விடுதிகளில் வைத்தார்கள். கைபேசியிலும் வந்தது.

இஸ்க்ரா குடியிருந்த கட்டடத்தில் அவள் வீட்டுக்கு மேல்தளத்தில் ஸ்டோயன் இருந்தார். ரயில்வேயில் சக்கரம் தட்டிப் பார்க்கிறவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுத்தியலால் ஒரு தட்டு, சத்தத்தை வைத்தே இரும்பில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் மூன்று நாள் நிலையத்துக்கு வந்துவிடுவார். அங்கே ஒவ்வொரு நடைமேடைக்கும் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று இரண்டு உண்டு. பலகையைப் பார்த்தால் உள்ளூர்க்காரனுக்கே தலை சுற்றும். யாராவது கழுத்தை நீட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஸ்டோயன் பக்கத்தில் போவார், தொப்பியைக் கழற்றுவார், டிக்கெட்டைக் காட்டச் சொல்லிச் சைகை செய்வார். பை கனமாக இருந்தால் ஒரு வாரை மட்டும்தான் பிடிப்பார். இன்னொரு வார் பைக்குச் சொந்தக்காரர் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். ரயில் நகரும்வரை நின்று கையாட்டிவிட்டு வருவார். காசு வாங்கமாட்டார். யாராவது சட்டைப்பையில் திணித்துவிட்டால் அது கோயில் உண்டியலுக்குப் போகும். ஏன் மாமா இந்த வேலை என்று இஸ்க்ரா ஒருமுறை கேட்டதற்கு, வீட்டில் இருந்தால் மனைவி டோன்கா வெங்காயம் உரிக்கச் சொல்கிறாள் என்றார்.

களைக்குத் தெளித்த மருந்து களையைப் பார்த்துத்தான் விழும் என்று யார் சொல்ல முடியும்? தூண்களில் தாள் ஏறிய மாதத்திலிருந்து ஸ்டோயன் தொப்பியைக் கழற்றினால் ஜனங்கள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். முதலில் அவர் அதைச் சிரித்துக்கொண்டே இஸ்க்ராவிடம் சொன்னார். தன் முகத்தில் ஏதோ கோணல் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்றார். இஸ்க்ரா மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கி வைத்தாள்.

பிறகு ஒரு பையன் அவர் முகத்துக்கு நேரே அந்தத் தாளைப் பிடித்து, ஒன்பதாவது வரியில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனான். ஸ்டோயன் அந்தத் தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகக் கூண்டுக்கு வந்தார்.

“இந்த இடத்தைத்தான் காட்டினான். என்னம்மா போட்டிருக்கு?”

இஸ்க்ரா தாளைக் கையில் வாங்கினாள். தன் எழுத்துத்தான். ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிப் போட்டது அவள்தான்.

“திருடங்க ஜாக்கிரதைன்னு போட்டிருக்கு மாமா.”

“போட வேண்டியதுதான்,” என்றார் அவர். “எழுதின புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.”

அந்த இலையுதிர் காலம் முழுக்க அவர் வந்தார். வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் துப்புரவாக வந்தார். கடைசியில் ஒருநாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. பிப்ரவரியில், சமையலறை மேஜையில் தேநீரைப் பாதி குடித்தபடி இறந்துபோனார். இருதயம் என்றார் டாக்டர். எழுபத்தாறு வயதில் இருதயம் நிற்பதற்கு யாரும் எந்தத் தாளிலும் ஒரு வரி எழுத வேண்டியதில்லை என்று இஸ்க்ரா தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். ஒரு விஷயத்தைப் பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தால் அது நெஞ்சில் ஒட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

நாற்பதாம் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டோன்கா கீழே இறங்கி வந்தாள். நாற்பதாம் நாள் கோதுமை வேகவைத்து, சர்க்கரைப் பொடி தூவி, நாலு பேர் கையில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் இறந்தவரைக் ‘கடவுள் மன்னிக்கட்டும்’ என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். ஆத்மா போகும் பாதைக்கு அதுதான் கட்டுச்சோறு. எல்லோரும் கல்லறையில் கொடுப்பார்கள். டோன்கா நிலையத்தில் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அவர் ஜனங்கள் அங்கேதான் இருக்கிறார்களாம்.

கல்லறைதான் முறை என்று இஸ்க்ரா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பாதிரியாரிடம் கேட்டாகிவிட்டது, பசிக்கிற வாய் எங்கே இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார் என்றாள் டோன்கா.

“உனக்கென்னடி, கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து காத்து வாங்கற. நான்தானே நிக்கப் போறேன். ‘என் புருஷன் ஆத்மாவுக்காக, வாங்கிக்கோங்க’ன்னு வெளிநாட்டுக்காரங்க பாஷையில எழுதிக் குடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

இஸ்க்ரா எழுதிக் கொடுத்தாள். இங்கிலீஷ் சொற்களைப் பல்கேரிய எழுத்தில், பெரிது பெரிதாக. மாடிப்படி வளைவில் நின்று டோன்கா அதை வாய்விட்டுப் படித்துப் பழகுவது வீட்டுக்குள் கேட்டது. அப்போதாவது கதவைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளை என்பது நல்லவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம்.

நாற்பதாம் நாள் காலை டோன்கா கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு அகலமான அலுமினியத் தட்டில் நாற்பது சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் கோதுமை, சர்க்கரை, மேலே அரை அக்ரூட், ஒரு கரண்டி. முதல் வேலையாக ஸ்டோயனின் நாற்பதாம் நாள் தாளைத் தூணில் ஒட்டினாள். கறுப்புக் கட்டத்துக்குள் அவர் முகம், புதுத் தொப்பியோடு. அந்தத் தூணில் வேறு இடம் இல்லாததால் யோசனைத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டாள். கூண்டுக்குள்ளிருந்து இஸ்க்ரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளூர்க்காரர்கள் நின்று வாங்கினார்கள். துப்புரவுப் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். டிக்கெட் கொடுக்கும் இருவர், லீவில் வீட்டுக்குப் போகும் சிப்பாய், பிளோவ்திவ் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் என்று எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சாப்பிட்டார்கள். இருபத்தேழு கிண்ணம் போனதும் டோன்கா மீதியைத் துண்டால் மூடினாள். அந்தப் பதின்மூன்றும் வெளிநாட்டுக்காரர்களுக்கு. அவர் பை தூக்கிய ஜனங்களுக்கு.

முதலில் முதுகுப்பையோடு ஒரு இளம் ஜோடி வந்தது. டோன்கா சிரித்த முகத்தோடு கிண்ணத்தை நீட்டி, பழகிவைத்ததைச் சொன்னாள். பெண் கையை நீட்டப் போனாள். அவன் அவள் முழங்கையைத் தொட்டு, கண்ணால் தூணைக் காட்டினான். பிறகு ஸ்டோயனின் முகத்தைப் பார்த்தான், பக்கத்திலிருந்த தாளைப் பார்த்தான். இந்த ஆளிடமிருந்துதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டான் என்பது இஸ்க்ராவுக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. நாலாவது வரியை யாரும் படிப்பதில்லை. இருவரும் வேகமாக நடந்துவிட்டார்கள்.

அடுத்த குடும்பம் வட்டமாகச் சுற்றிக்கொண்டு போனது. அதற்கடுத்து நல்ல கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் நின்றார். டோன்காவின் முகம் மலர்ந்தது. அவர் பர்ஸைத் திறந்து ஒரு நாணயத்தை எடுத்து, கோதுமைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

டோன்கா நாணயத்தை எடுத்து முக்காட்டு நுனியில் துடைத்து, அவர் பின்னால் ஓடினாள். அந்த மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவளின் முன்னால் நீலத் தொப்பி ஒன்று நின்றது. ரங்கேல். பெட்டி பிடுங்குகிற கூட்டத்துக்குத் தலைவன். ஆனால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

தனக்கும் ஒன்று கொடுக்கும்படி கேட்டான். ஸ்டோயன் தங்கள் பிழைப்பில் மண் போட்டவர்தான், தாங்கள் காசுக்குச் செய்ததை அவர் சும்மா செய்தார், ஆனால் மனிதன் தங்கம் என்றான். டோன்கா கொடுத்தாள். ரங்கேல் சொல்ல வேண்டியதைத் தலை குனிந்து சொல்லி, நின்ற இடத்திலேயே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

“வேற யாரும் வாங்கலியாக்கா?”

“என்னமோ தெரியலப்பா. விஷம் குடுக்கறாப்பல பார்க்கறாங்க.”

“எப்படி வாங்குவாங்க? அந்தத் தாளுதான் எங்களையும் ஒழிச்சுது, அவரையும் ஒழிச்சுது. நாங்க திருடங்க, எங்களுக்கு வேணும். அவரு என்ன பண்ணினாரு?” கரண்டியால் கூண்டைக் காட்டினான். “மேடத்தையே கேளு. கேட்காம உதவ வர்றவன் எவனையும் நம்பாத, எது குடுத்தாலும் வாங்காதன்னு எழுதினதே மேடம்தானே. உனக்குத் தெரியாதா?”

கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு வட்டத் துளை இருந்தது. எல்லாம் தெளிவாகக் கேட்டது.

டோன்கா தட்டைத் தூக்கிக்கொண்டு கூண்டின் முன்னால் வந்தாள். கோபத்தை எதிர்பார்த்த இஸ்க்ராவுக்கு அந்த முகத்தில் கோபம் தெரியவில்லை. கணக்குப் புரியாத குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

“ஒருநாள் ஒரு தாளை எடுத்துட்டு வந்து உன்னைப் படிக்கச் சொன்னாராமே. அதுதானா இது?”

“அதுதான் அத்தை.”

“நீ என்ன படிச்சே?”

இஸ்க்ரா சொன்னாள். திருடர்கள் ஜாக்கிரதை என்று மட்டும் படித்ததாக.

“அதைத்தான் என்கிட்டயும் வந்து சொன்னாரு. திருடங்க ஜாக்கிரதைன்னு போட்டதை என்கிட்ட காட்டறான்னா, நான் திருடன் மாதிரி இருக்கேன் டோன்கான்னாரு. தினம் ரெண்டு தடவை சவரம். சட்டைக் காலரை எத்தனை தடவை தேய்ச்சுக் குடுத்திருப்பேன். ஆஸ்பத்திரிக்கு வெச்சிருந்த பணத்துல புதுத் தொப்பி. கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, இப்ப பாரு, இப்ப எப்படி இருக்கேன்னு கேப்பாரு. நல்லாத்தான் இருக்கீங்கன்னு சொல்லுவேன். போவாரு. சாயங்காலம் வந்து தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு சுவத்தைப் பார்த்து உக்காந்துக்குவாரு.” தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். “தாளுல தப்புன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் தன் மூஞ்சியில தப்புன்னு நினைச்சிருக்க மாட்டாரே.”

அந்த வரியை மாற்றலாம் என்று ஒருமுறை அலுவலகத்தில் கேட்டதும், நன்றாக வேலை செய்கிற வரியில் ஏன் கை வைக்கிறாய் என்று அவர்கள் சொன்னதும், அத்தோடு தான் விட்டுவிட்டதும் இஸ்க்ராவுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அது சாக்காகத்தான் இருக்கும்.

கூண்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள். வேலை நேரத்தில் அப்படி வருவது விதிப்படி தப்பு. டோன்காவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். டோன்கா கொடுத்தாள், அல்லது தட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தூணருகே போய் நின்று, ரயிலிலிருந்து இறங்கி வந்த முதல் கூட்டத்தைப் பார்த்துக் கிண்ணத்தை நீட்டினாள்.

வாங்கினார்கள். அவள் சட்டையில் நிலையத்தின் சின்னம் இருந்தது, பெயர் இருந்தது. ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வாங்கினாள். அவள் வாங்கியதைப் பார்த்து மூன்று பேர் வாங்கினார்கள். ஊரின் பலகாரமா என்று ஒருவர் கேட்டார். ஒரு மனிதருக்காக என்று இஸ்க்ரா படத்தைக் காட்டினாள். அவர் நின்று படத்தைப் பார்த்தார், தலை குனிந்தார். வேறொருத்தி புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். கால் மணி நேரத்தில் தட்டில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

டோன்கா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆக, சட்டையில குத்தற அந்தத் தகரம்தான் அவர்கிட்ட இல்லாம போச்சு,” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

இஸ்க்ரா தட்டைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்து, அதன் முன்னால் நின்றாள். தன் பங்கைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்காமல் கொடுப்பதுதான் முறை. கொடுக்காமல் போனாலும் அது நியாயம்தான் என்று நினைத்தாள். நாணயம் விழுந்து எடுத்த கிண்ணம்தான் மிச்சம் இருந்தது. சர்க்கரை நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

டோன்கா அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு எடுத்து நீட்டினாள்.

“உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரல, இஸ்க்ரா. வருமான்னும் தெரியல. பொய் சொல்லக் கூடாது, இன்னிக்கு அவரோட நாள். ஆனா இது என்னுது இல்லை, அவருது. அவரு ஆளைப் பார்த்து உதவினதில்லை. வாங்கிக்க.”

இஸ்க்ரா இரண்டு கையாலும் வாங்கினாள். ஸ்டோயன் என்று பெயரைச் சொல்லி, கடவுள் மன்னிக்கட்டும் என்றாள். கோதுமை வாயில் மென்று தீரவில்லை. விழுங்கி முடிக்கும்வரை டோன்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பருக்கை போனதும் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

தட்டு அகலமானது. காலியானாலும் படி இறங்குகிறவளுக்குத் தொந்தரவு. இஸ்க்ரா அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். தகவல் கூண்டின் முன்னால் ஆட்கள் சேர்ந்து கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். அவள் திரும்பவில்லை. டிராம் நிற்கும் இடம்வரை டோன்கா இரண்டடி முன்னால் நடந்தாள். ஆனால் தட்டை விடு என்று சொல்லவுமில்லை.

டிராம் வந்தது. டோன்கா ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே கையை நீட்டினாள். இஸ்க்ரா தட்டைக் கொடுத்தாள். கதவு மூடிக்கொண்டது.